பதினோராம் பக்கத்துத் தேதி

1

இந்தக் கதை ஒரு பூஜ்யத்திலிருந்து பிறந்தது. வளரும் ஆசிய நாடுகளில் குற்றம், நிர்வாகம், நிதி என்று தடித்த அட்டை போட்ட ஆய்வறிக்கை ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அதில் பதினான்காம் அட்டவணை. கீழத்தஞ்சைக் கிராமங்களுக்கு அங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எட்டாம் எண் கிராமத்துக்கு நேரே, கொலை என்ற தலைப்பின் கீழ், 0 என்று போட்டிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்து, பண்ணைகளும் குத்தகைக்காரர்களும் வரப்புக்கு வரப்பு முறைத்துக்கொண்டு நின்ற காலம். அட்டவணைக்குக் கீழே ஒரு வரி வேறு: "நிலச் சட்டங்கள் கிராம அமைதியைக் குலைக்கவில்லை." இதைப் படிக்கும்போதெல்லாம் அறிக்கையை மூடி வைத்துவிடுவேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். (சொல்வேனா என்று எனக்கே சந்தேகம்தான்.)

2

முதல் தொடக்கம்: வைகாசி வெயிலில் வெண்ணாறு மணலாகக் கிடந்த

[அடித்துவிட்டேன். ஆற்று வருணனைக்குள் ஒளிந்துகொள்வது என் பழைய புத்தி.]

இரண்டாம் தொடக்கம்: வீரையன் வாய்க்காலில் செத்துக் கிடந்தபோது அவன் கண்கள்

[வேண்டாம். நான் பார்க்கவில்லை.]

மூன்றாவது: கண்ணுசாமி பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

இது இருக்கட்டும். கண்ணுசாமிக்கு இருபத்துமூன்று வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையாள் குடும்பத்திலிருந்து வந்த முதல் பி.ஏ. அந்த அறிக்கையைத் தயாரித்த ஆய்வு நிலையத்தில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை, அதுவும் தற்காலிகம். படிவத்தைப் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். மேற்பார்வையாளர் சரிபார்த்துத் திருத்தியபின் அலுவலகத்தில் மை ஏறும். பதில் சொன்னவரின் கைநாட்டை மட்டும் முதல் நாளே மையில் வாங்கிவிடுவார்கள். இந்த ஏற்பாடு அப்போது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

எட்டாம் கிராமத்தில் தங்க இடமில்லாததால் ஆய்வுக்குழு பண்ணை வீட்டு மாடியிலேயே தங்கியது. சாப்பாடும் அங்கேதான். கண்ணுசாமிக்கு மட்டும் கொல்லைப் பக்கம் இலை போட்டார்கள். இரண்டாம் நாள் அவன் சாப்பிட வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

3

ஆவணி மாதம். வீரையனின் மனைவி அம்சம் வீட்டு வாசலில் குந்தியிருந்தாள். பக்கத்திலேயே பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம், துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்றார்.

கண்ணுசாமி ஆறாம் பக்கத்தைத் திருப்பினான். கடந்த ஓராண்டில் குடும்பத்தில் மரணம் உண்டா? தேதி, காரணம். நோய் என்றால் 1, விபத்து 2, கொலை 3.

"ஜூன் ரெண்டாந்தேதி தம்பி. அடிச்சுக் கொன்னுட்டாங்க."

"அம்சம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் பஞ்சநதம். "குடிச்சுட்டு வாய்க்கால்ல வுழுந்தான். ஸ்டேஷன்லயே எழுதியிருக்கு. மூழ்கிச் செத்தான்னு."

"அந்த மனுசன் கள்ளத் தொட்டதில்லீங்க. அஞ்சு மா நெலத்தயும் குத்தகைப் பதிவுல ஏத்தணும்னு தாசில்தார்கிட்ட மனு குடுத்தாரு. மூணாம் நாளு வாய்க்கால்ல கெடந்தாரு." கண்ணுசாமியின் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க தம்பி. வாய்க்கால்ல தண்ணி ஏது? அப்ப மேட்டூரே தொறக்கலையே."

கண்ணுசாமி 3 என்று எழுதினான்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்க்கா."

"பேனாவால எழுதுங்க தம்பி. மனுவும் அவரோட போச்சுன்னு நெலத்த வுடச் சொல்றாங்க. இந்தக் காயிதம் டெல்லி வரைக்கும் போவும்ங்கிறாங்க. எவனாவது ஒருத்தன் படிச்சுட்டு, என்னன்னு கேக்க மாட்டானா?"

"பென்சில்லதான் எழுதணும்க்கா. அதான் சட்டம்."

அவள் கட்டைவிரலை நீட்டினாள். நீல மை. இந்த இடத்தில் கண்ணுசாமிக்கு மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று அரைப் பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் அதை எழுதினால் அழகாக வந்துவிடுகிறது. அழகாக வரக்கூடாது.

4

மேற்பார்வையாளர். (இவருக்கு மூன்று பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. பெயரில்லாமலே போகட்டும்.) பண்ணை வீட்டு மாடியில், காப்பியும் கையுமாக.

"என்னய்யா இது, மூணு?"

"கொலைதான் சார். தண்ணி இல்லாத வாய்க்கால்ல எப்படி சார் மூழ்குவாரு?"

"நாம போலீஸ் இல்லய்யா. விதிப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு? படி."

"காவல் நிலையப் பதிவோடு முரண்பட்டால் பதிவின்படி திருத்துக."

"அப்புறம் என்ன? வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, ஞாபகம் வச்சுக்க." ரப்பரை நீட்டினார்.

கண்ணுசாமி அதை வாங்கி, 3ஐ அழித்து 2 போட்டான்.

5

இனி முடிவுகள். ஒன்று: கண்ணுசாமி படிவத்தைத் திருடிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறான். வாசகர்கள் கைதட்டுவார்கள். இரண்டு: டெல்லியில் ஒருவர் படித்துவிட்டு என்னவென்று கேட்கிறார், அம்சத்துக்கு அஞ்சு மா நிலமும் கிடைக்கிறது. இதை எழுதும்போது என் பேனாவே என்னைப் பார்த்துச் சிரித்தது. மூன்று

[மூன்றாவதை எழுத முடியவில்லை. நாலாம் பகுதியின் கடைசி வாக்கியம் பொய்.]

கண்ணுசாமி ரப்பரை வாங்கவில்லை. படிவத்தைக் கொஞ்ச நேரம் புரட்டினான், சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தான், குனிந்தான், மூடி வைத்தான். படியிறங்கிப் போனவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அழித்தது மேற்பார்வையாளர். அந்த மேற்பார்வையாளர் நான்தான்.

இந்நேரம் வரை கண்ணுசாமியின் தோளை ஒட்டியே நின்று கதை சொல்லிவந்தேனே, அவன்மேல் உள்ள பாசத்தால் அல்ல. அங்கே நின்றால் என் முகம் உங்களுக்குத் தெரியாது. அந்த மாடியில் பத்து நாள் பண்ணைச் சோறு தின்றிருந்தேன். பயமும் இருந்தது, பதவி ஆசையும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது. அந்த அறிக்கைக்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. அம்சத்திடமிருந்து நிலம் அடுத்த தை அறுவடையோடு போயிற்று.

6

இருபத்தேழு வருஷம் கழித்து நிலையத்தை மூடினார்கள். படிவங்களை மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டோம். அம்சத்தின் படிவத்தை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏனோ அதற்கு மட்டும் மை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். போன மாதம்தான் முழுதாகப் புரட்டினேன். அன்று மாடியில் நான் பார்த்தது ஆறாம் பக்கத்தை மட்டும்தான்.

பதினோராம் பக்கம் பாசனம். "கடைமடை வாய்க்காலில் முதல் நீர் வந்த தேதி." பென்சில் எழுத்துகளுக்கு நடுவே அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பேனா. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறான்: ஜூன் 21.

ஆறாம் பக்கத்தில் என் கையெழுத்தில் 2. அதற்கு மேலே இறந்த தேதி: ஜூன் 2. வாய்க்காலில் மூழ்கி. தண்ணீர் வருவதற்குப் பத்தொன்பது நாள் முன்பு.

அம்சம் கூத்தாநல்லூரில் ரசியா பேகம் என்பவர் வீட்டில் சமையல் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நேற்று படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூத்தாநல்லூரில் இறங்கி, வீட்டையும் விசாரித்து, தெருமுனை வரை போய்விட்டேன். வாசலில் ஓர் அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர்தானா என்று தெரியாது. திரும்பி வந்து இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். துணிச்சல் இல்லாதவன் செய்கிற காரியம் இது.

விலாசம் எழுதி, பதினோராம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன் என்று பாவித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தைப் பார்ப்பார். தன் கட்டைவிரல் நீலத்தை அடையாளம் கண்டுகொள்வார். அதன் பிறகு, "எழுதிட்டீங்களா?" என்று கேட்பார்.

என்ன சொல்வீர்கள்?