வயல் பைப்பு

மௌனிகாவுக்குப் பத்திக்கிட்டு வந்தது. ரெண்டே நாள் அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, வாளையார் ரோட்டுல இருக்கற அவங்க லாரிப் பட்டறையில கூரையோரம் முச்சூடும் பிளாஸ்டிக் பைப்பை மாட்டி வச்சிருக்காங்க அப்பனும் மகனும்!

"ஏனுங்க, கம்ப்ரசர் காத்துக்கு இரும்பு பைப்புதான் போடோணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே?"

புருசன் சிவப்பிரகாஷ் போனை நோண்டிக்கிட்டிருந்தான். மாமனார் ஆறுமுகசாமிதான் பதில் சொன்னார்.

"நல்லேப்பிள்ளி வயல்ல போர் போட்டப்ப மிச்சமானது அம்மிணி. இதே பைப்புதான் அங்க வருசக்கணக்காத் தண்ணி தள்ளுது, ஒரு சொட்டு ஒழுகல. பத்து கிலோ அழுத்தம் தாங்கும்னு பைப்பு மேலயே அடிச்சிருக்குது. இங்க கம்ப்ரசர் எட்டுதான். ஒரு கொழப்பமும் இல்ல."

"தண்ணி வேற, காத்து வேறங்க மாமா! தண்ணி பைப்பு ஒடைஞ்சா சேறாகும், அவ்வளவுதான். காத்து பைப்பு வெடிச்சா சில்லு சில்லாத் தெறிக்கும். அதுக்கு அடியிலதான் நம்ம பட்டறைப் பையன் சதீஷு நாளெல்லாம் டயர் கழட்டறான்."

கல்யாணத்துக்கு முன்னால கோயமுத்தூர் மில்லுல வேலை பார்த்தவ அவ. அங்க இப்படி ஒருத்தருக்குக் கண்ணு போனதை நேர்ல பார்த்திருக்கா.

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். சுச்சைப் போடுறா சதீஷு" என்றான் சிவப்பிரகாஷ்.

பாவம் சதீஷ், யார் பேச்சைக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சான்.

"நீ வெளிய போ சதீஷு. சுச்சை நானே போடறேன். மாமா, நீங்களும் உங்க மகனும் டயர் கழட்டற எடத்துல வந்து நில்லுங்க பார்க்கலாம்!"

"நிக்கறேன், எனக்கென்ன!" வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மாமனார் போய் நின்னார். சிவப்பிரகாஷும் சிரிச்சுக்கிட்டே பக்கத்துல நின்னான்.

கம்ப்ரசர் உறுமிச்சு. அழுத்தம் காட்டற முள்ளு மேல ஏறிச்சு. மௌனிகா சுச்சுல இருந்து கையை எடுக்கவே இல்ல. முள்ளு நாலைத் தாண்டினதும் சிவப்பிரகாஷ் அண்ணாந்து பைப்பைப் பார்த்தான். அஞ்சு ஆனதும், அடிக்காத போனைக் காதுல வச்சுக்கிட்டு, "ஹலோ, ஹலோ"ன்னு வாசலுக்கு நடந்துட்டான்.

மௌனிகா சுச்சை அணைச்சுக் காத்தைத் திறந்துவிட்டா.

"ஏண்டா நகந்தே?" மாமனார் நின்ன எடத்துல இருந்தே கேட்டார்.

சிவப்பிரகாஷ் தலையைச் சொறிஞ்சான். "ஒட்டற பசை வாங்கப் போனப்பவே பைப்புக் கடைக்காரர் சொன்னாருங்கப்பா, காத்துக்கு இது ஆகாது, வெடிச்சிரும்னு. நீங்க ஆசையாக் கொண்டாந்தீங்க... உங்க மனசு நோகுமேன்னுதான்..."

"த்தூ!" மௌனிகாவுக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சது. "மாமாவுக்குத் தெரியாது, அதனால நின்னார். உங்களுக்குத் தெரியும்! அப்பா மனசு நோகக் கூடாது, சதீஷு கண்ணு போனாப் பரவால்ல, அப்படித்தானுங்க?"

ஆறுமுகசாமி மகனைப் பார்க்கவே இல்ல. ரம்பத்தை எடுத்து, ஸ்டூல் மேல ஏறி, தான் கொண்டாந்த பைப்பைத் தானே அறுக்க ஆரம்பிச்சார்.

வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்ட சதீஷ் உள்ள வந்தான். ஆணியில தொங்கின சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டான்.

"இரும்பு பைப்பு போட்டதும் சொல்லி அனுப்புங்கக்கா. மொத நாள் அண்ணன் அதுக்கு அடியில நின்னு டயர் கழட்டட்டும். நான் அடுத்த நாள் வர்றேன்."

மௌனிகா அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னா.