ஜன்னல் பக்கத்து நாற்காலி

கட்டிலில் கிடத்தியிருந்த அம்மாவுக்குக் கடைசியாகத் தலை சீவி முடித்துச் சின்னவள் சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெரியவன் அறைக்குள் வந்தான். கண்ணைத் துடைத்தபடிதான் வந்தான். கூடத்தில் அவன் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத் துடைத்த கண். கதவைச் சாத்தியதும் துடைப்பது நின்றுவிட்டது.

"ஒரு உதவி பண்ணு. போன மாசம் அம்மா இந்தக் கட்டில்ல படுத்திருக்கிற ஃபோட்டோ அனுப்பினியே, அதுல என்னையும் பக்கத்துல உட்கார வெச்சுத் தா. கையைப் பிடிச்சிட்டிருக்கிற மாதிரி."

"எதுக்குண்ணா?"

"அம்மா கூட இருந்து பாத்துக்கணும்னு சொல்லித்தான் ஆபீஸ்ல லீவு வாங்கினேன். இப்ப ஏதாவது படம் இருக்கான்னு கேக்குறாங்க. நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்ணுவியே."

அந்த லீவில் அவன் கடற்கரை விடுதியில் குடும்பத்தோடு கிடந்தது அவளுக்குத் தெரியாதா என்ன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்தச் சோற்றையும் அவளிடமே வந்து கேட்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

அம்மா கடைசிவரை வாசலையே பார்த்துக் கிடந்தாள். "பெரியவன் வந்தானா?" என்பாள். "வந்துட்டே இருக்கான்மா" என்று சொல்லிச் சொல்லிச் சின்னவளுக்கு வாய் ஓய்ந்துபோனது. அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஓர் அறை ஒரு நொடியில் முடிந்துவிடும். அது அவளுக்குப் போதாது.

அவள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். காலையில் எதிரே இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைய வேண்டும். பிற்பகலில் கம்ப்யூட்டரில் வெட்டுவதும் ஒட்டுவதும். சேர்ந்த அன்றே அவன் சிரித்தான். "கம்ப்யூட்டராவது உருப்படி. கண் முன்னாடி இருக்கிறதைப் பார்த்து வரையறதுக்கு ஒரு படிப்பா?"

"செஞ்சு தரேன்" என்றாள் இப்போது. "சும்மா ஒட்டினா நிழல் காட்டிக் குடுத்துடும். அந்த ஃபோட்டோல ஜன்னல் வெளிச்சம். நீ இந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில உட்காரு, உன் முகத்துல நிழல் எப்படி விழுதுன்னு வரைஞ்சு பாக்கணும். எங்க காலேஜ்ல அப்படித்தான்."

அதில் பாதிதான் உண்மை. அவன் உட்கார்ந்தான். வரைவதற்கு உட்காரும் மாடல் இடம் மாறாதிருக்க வகுப்பில் செய்வதுபோல, அவன் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"கையைப் பிடி."

"யார் கையை?"

"அம்மா கையைத்தான். நீதானே கேட்டே?"

பிடித்தான். "சில்லுனு இருக்கு."

"இருக்கும். அம்மா முகத்தைப் பாரு. சுவரை இல்லை."

கண்ணைப் பாதி மூடி, வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துப் பார்த்து வரைந்தாள். முதலில் அவன் கால் ஆடியது. பிறகு நின்றது. பார்க்க வேறொன்றும் இல்லாமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் இவ்ளோ மெலிஞ்சிருக்காங்க?"

"ரொம்ப நாளா இப்படித்தான். அசையாதே."

"உதட்டுல என்ன காயம்?"

"காஞ்சு வெடிச்சது. பேசினா ரத்தம் வரும். அப்பவும் உன்னைத்தான் கேட்டாங்க."

அவன் தாடை நடுங்கியது. அதையும் வரைந்தாள். வகுப்பில் மாடலுக்கு இடையிடையே ஓய்வு உண்டு. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அத்தை கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அம்மாவை எடுத்துட்டுப் போக வண்டி வந்துடுச்சுப்பா. உன் ஆபீஸ்காரங்க வெளியில காத்திட்டிருக்காங்க."

அவன் எழப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம்தான்ணா. எழுந்தா நிழல் மாறிடும்."

மறுபடி உட்கார்ந்தான். "எனக்குப் படம் வேண்டாம், சின்னவளே" என்றான். "விட்டுடு."

"கொஞ்சம்தான். முகத்தைப் பாரு."

படம் எப்போதோ முடிந்திருந்தது. தாளின் ஓரத்தில், அவனுக்குச் சத்தம் கேட்கும்படி, அவள் பென்சிலை உரசிக்கொண்டே இருந்தாள்.