பாய்லர் குழாய்க்கு ஒதுக்கிய பணம்

காகித ஆலையின் கணக்கு அதிகாரி காலையிலிருந்தே கணக்கேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாய்லரின் தேய்ந்த குழாய்களை மாற்ற ஒதுக்கி வைத்த பணம் நிற்குமா, போகுமா என்பது இன்றைய பங்குதாரர் கூட்டத்தில் தெரிந்துவிடும். அந்தப் பாய்லருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவன் அவளுடைய சொந்தத் தம்பி.

குழாய்கள் எந்த நேரமும் வெடிக்கலாம் என்று ஆய்வாளர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். பழைய முதலாளி இருந்திருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பார். ஆலையில் சம்பளம் வாங்கிப் பிழைத்த மனிதர். லாபத்தை ஆலைக்குள்ளேயே திரும்பக் கொட்டுவார். அவர் போன பிறகு ஏறக்குறையப் பாதிப் பங்கு அவருடைய மருமகன் கைக்கு வந்தது. ஆலையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. ஆனால் மாமனார் வீட்டு ஆலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மாப்பிள்ளை. இங்கே அவருக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆண்டுக்கொரு முறை வரும் லாபப் பங்கு ஒன்றுதான் வரும்படி. அதனால் இந்த ஆண்டு குழாய்ப் பணத்தையும் சேர்த்துப் பங்கு போடச் சொன்னார்.

ஆலையை நடத்துபவர் முதலாளியின் தம்பி. அவரிடமும் அதே அளவு பங்கு இருந்தது. குழாயைத்தான் மாற்ற வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். மீதி, முதலாளி தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்த கொசுறுப் பங்கு. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி.

உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கேட்க வேண்டுமா என்ன? இப்படித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கூட்டத்தில் கணக்கை வாசிக்க எழுந்தாள்.

“இது லாபம் இல்லீங்க, குழாய்க்கு வெச்ச பணம். இதை எடுத்துட்டா இந்த வருஷம் குழாய் மாத்த முடியாது” என்று பச்சையாகவே சொன்னாள். மாப்பிள்ளை கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

பங்கு போடச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். மாப்பிள்ளை தூக்கினார். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசை முழுவதும். அவற்றில் அவளுடைய தம்பியின் கையும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவனை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடா?”

“பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்க்கா. மத்தவங்களுக்கும் ஆளுக்கொரு செலவு. இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

“நாங்கதான்.”

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வெளியே மதிய ஷிப்டுக்கு மணி அடித்தது. அவன் கதவு வரை போய், தயங்கித் திரும்பினான்.

“அக்கா, என் பங்கை எல்லாம் பொண்ணு பேருக்கு மாத்திக் குடுத்துடறியா? எதுக்கும் இருக்கட்டும்.”