எங்கே போகிறாய் என்று கேட்டுத் தொலைத்தேன்

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தத்துவம் எடுக்கிறேன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நடந்துவிட்டதாலேயே முன்னது காரணம் ஆகிவிடாது என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துபவள். அப்படிப்பட்ட நான் ஞாயிற்றுக்கிழமை விடியலில், புதுப்பட்டினத்து அம்மா வீட்டு வாசலில், டீசல் கேனோடு கடலுக்குக் கிளம்பிய தம்பி லோகுவைப் பார்த்து, "எங்கடா போற?" என்று கேட்டுத் தொலைத்தேன். தூக்கக் கலக்கம். அவன் கேனைக் கீழே வைத்தான். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

மத்தியானம் எல்லாப் படகும் கரையேறிவிட்டன. லோகு மட்டும் வரவில்லை. போனும் போகவில்லை.

"கெளம்புறப்போ எங்க போறன்னு கேட்டீங்களே அண்ணி," என்றாள் அவன் மனைவி வினிதா. "அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன், காதுல வுழுந்துச்சி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் கேட்டதுக்கும் கடலுக்கும் இன்னாடி சம்பந்தம்? தெனம் யாராவது யாரையாவது கேக்கத்தான் கேக்குறாங்க. எல்லாரும் திரும்பி வரலயா?"

"வரவங்க வராங்க," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் கரையில் போய் நின்றேன். அடுத்த அலை என் காலை நனைத்தால் வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். நனைக்கவில்லை. இன்னொரு அலைக்காக நின்றேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

பக்கத்து வீட்டு மாரி அண்ணன் தேடிப் போகப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தனியா பூட்டாம்மா. கூட வந்திருந்தா, இஞ்சின் நின்னாலும் கயிறு கட்டி இஸ்துகினு வந்திருப்போம்."

"ஏன் தனியாப் போனான்?"

"லேட்டு பண்ணிட்டான். நாங்க பாத்துப் பாத்துக் கெளம்பிட்டோம்."

பொழுது சாயும்போது மாரி அண்ணன் படகு தெரிந்தது. பின்னால் கயிற்றில் இன்னொரு படகு. வினிதா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. லோகு உதடெல்லாம் வெடித்து இறங்கினான்.

"ஏன்டா லேட்டா போன?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"நீதானக்கா எங்க போறன்னு கேட்ட. அப்டியே போவக்கூடாதுல்ல? உள்ள வந்து குந்தி, தண்ணி குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துக் கெளம்பினேன். கரைக்கு வந்தா ஒருத்தனும் இல்ல."

அவன் சட்டையை விட்டுவிட்டேன். வினிதா சொன்னது சரிதான். என் கேள்விதான் காரணம். அவன் அதை நம்பியதால் அது காரணமாகிவிட்டது.

லோகு தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தான். "நல்ல வேள, காலைல தண்ணி குடிச்சிட்டுப் போனேன். இல்லன்னா உயிரோடவே வந்திருக்க மாட்டேன்."

"ஆமா," என்றாள் வினிதா.

நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறும் அங்கேதான் இருந்தேன். விடியலில் கேனைத் தூக்கும் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிறவள்போல் கிடந்தேன்.