கோலுக்குப் பின்னால் ஒரு குடை

புருஷனின் சட்டையில் மூன்றாவது பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள் அம்மு. சிவப்பு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த லோகநாதன், மூச்சு வாங்க வாங்க, பத்து நாளாகச் சொன்னதையே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு மணிக்கு லியாகத் ஆட்டோ வந்துரும். பின்கேட்டாண்ட வுடச் சொல்லு, அங்கதான் படி கெடையாது. பாதி ஆட்டம் முடிஞ்சதும் சேர அந்தாண்ட மாத்தணும். நான் பத்தடிக்கு ஒரு வாட்டி நின்னுதான் வருவேன், அவசரப்படுத்தாத. அப்பறம் குடை..."

"குடை எட்த்து வச்சிட்டேன்யா. எத்தினி வாட்டி சொல்லுவ? மூச்ச சேத்து வையி, அங்க போயி கத்தணுமில்ல."

பதில் வரவில்லை. நான்காவது பட்டனுக்குக் கை போனபோது அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து, "எந்திரிய்யா, நேரமாவுது" என்றாள். அப்புறம்தான் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால்.

பாவி மனுஷன்! ஒரு சாயங்காலம் தாக்குப்பிடிக்கக் கூடாதா? இருபது வருஷம் ஹார்பரில் நிலக்கரித் தூசியைத் தின்ற நெஞ்சு, இந்த ஐந்து மணி நேரத்தைப் பொறுக்கவில்லையே.

வாய்வரைக்கும் வந்த ஓலத்தை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒருத்தி வாய்விட்டு அழுதால் மூன்று மாடியும் ஓடிவரும். வந்த வேகத்தில் சேதி தண்டையார்பேட்டை கிரவுண்டுக்கும் போய்விடும். அங்கே அவர்கள் மகள் மதி இருக்கிறாள். ஃபுட்பால் டீமில் கோல்கீப்பர். இன்றைக்கு ஃபைனல். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரிகள் இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பெயர் எழுதப்போகிறார்கள், மதிக்கு வயசு வரம்பும் இந்த வருஷத்தோடு சரி. போனையெல்லாம் கோச் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுவிட்டார். ஆள் போய்ச் சொன்னால்தான் உண்டு.

பக்கத்து வீட்டிலிருந்து லோகநாதனின் அண்ணன் மண்ணாங்கட்டி எட்டிப் பார்த்தார். அவருக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதால், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பேர் அது. அவர் தங்கிவிட்டார். தம்பியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேளக்கார வரதனுக்குப் போன் போட்டு வரச் சொல்றேன்" என்றார், கண்ணும் மூக்கும் ஒழுக.

"ஆறு மணி வரிக்கும் மேளம் வேணாம் மாமா. யாருக்கும் சொல்லவும் வேணாம்."

"இன்னா பேசற நீ? பொணத்த வச்சிகினு கதவ சாத்திகினு குந்துவாங்களா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். மதி ஆடி முடிச்சிட்டு வரட்டும்."

"பெத்தவன் செத்தத மறைச்சி ஆட வுடுவியா? நாளைக்கு அந்தப் பொண்ணு உன்ன ஒரு கேள்வி கேட்டா இன்னா சொல்லுவ?"

அம்மு புருஷனின் சரிந்த தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியைவிடப் பெரிய பேஜாரு ஒன்று இருந்தது. லோகநாதன் எப்போதும் எதிர் கோலுக்குப் பின்னால்தான் சேரைப் போடுவான். முதுகுக்குப் பின்னால் குந்தினா பொண்ணு எப்டி பாக்கும் என்பான். ஹார்பரில் கொடுத்த பெரிய பச்சைக் குடை தலைக்கு மேல் விரிந்திருக்கும். அந்தக் குடை கண்ணில் பட்டால்தான் மதிக்குக் கை தடுமாறாமல் நிற்கும். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, மாதவரத்தில் நாலு கோல் விட்டாள். ஆகவே இன்றைக்கும் யாராவது குடையைப் பிடித்தாக வேண்டும். மண்ணாங்கட்டியை அனுப்பலாமென்றால், அவர் அழுகிற அழுகை கிரவுண்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்.

"நான் போறேன் மாமா. நீ இவராண்ட இரு. யாரு கேட்டாலும் தூங்கறாருன்னு சொல்லு."

"தாலி கட்னவன் இப்டி கெடக்கறான், நீ மேட்ச் பாக்கப் போறியா?"

"மேட்ச் பாக்கப் போவல. அவரு போவ வேண்டிய எடத்துக்குப் போறேன்."

இருவருமாக அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். சேரில் இன்னும் சூடு இருந்தது. அவனுடைய வேறொரு சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, சேரையும் குடையையும் தூக்கிக்கொண்டு அம்மு படியிறங்கினாள். லியாகத் அலியிடம் மட்டும் ஆட்டோவில் சொன்னாள். அவன் "யா அல்லா" என்றான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

நாலே படி கேலரி உள்ள சின்ன ஸ்டேடியம் அது. மதில் சுவருக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லியாகத் சேரைப் போட்டான். அம்மு உட்கார்ந்து குடையை முகம் மறைய இறக்கிப் பிடித்தாள். எதிர்க்கோடியில் மதி திரும்பிப் பார்த்தாள், கிளவுஸ் போட்ட ஒரு கையை உயர்த்தினாள். அம்முவும் சட்டைக் கையை உயர்த்தினாள். அப்படியே உயிர் போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

முதல் பாதியில் கோல் விழவில்லை. விசில் ஊதியதும் அம்முவுக்குப் பகீரென்றது. இனி பக்கம் மாறி ஆடுவார்கள், சேரை அந்தக் கோடிக்கு மாற்ற வேண்டும்! ஆட்டக்காரிகள் தண்ணீர் குடிப்பதற்குள், யாரும் கிட்டே வந்து பார்ப்பதற்குள் போய்விட வேண்டும். லியாகத் சேரைத் தூக்கிக்கொள்ள, அவள் குடையை இன்னும் இறக்கிக்கொண்டு, சுவரோரமாக விடுவிடுவென்று நடந்து அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். நல்லவேளை, யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாவது பாதியில் மதி வேறு மாதிரி ஆடினாள். பந்து எங்கே போனாலும் அவள் உடம்பு அங்கே இருந்தது. முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தபோதும் துடைக்கவில்லை. குடைப் பக்கம் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. கடைசி நேரத்தில் மதியின் டீம் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. மேடையில் இருந்த அதிகாரி ஒருவர் கோச்சைக் கூப்பிட்டு மதியைக் காட்டி என்னவோ கேட்டு எழுதிக்கொண்டார்.

மற்ற பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மதி மட்டும் கிரவுண்டைக் குறுக்காகக் கடந்து, கிளவுஸைக் கழற்றிக்கொண்டே வந்தாள். குடையை யாரும் தூக்கச் சொல்லவில்லை. அம்முவே தூக்கினாள்.

"எப்பம்மா?" என்றாள் மதி.

"மதியானம். உன்னப் பாக்க ரெடியாவும்போதே... உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. பாதில குடை நிக்காமப் போச்சேம்மா. நைனா பத்தடிக்கு நிக்குமில்ல."

"தெரிஞ்சேவா ஆடின?"

மதி குனிந்து சேரைத் தூக்கினாள். "வா, போலாம்" என்றாள்.

பின்கேட்டை நோக்கி நடந்தார்கள். பத்தடி போனதும் மதி சேரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மறுபடியும் பத்தடி, மறுபடியும் நின்றாள். அம்மு அவசரப்படுத்தவில்லை. வெயில் இறங்கியிருந்தும் குடையை மகளின் தலைக்கு மேல் பிடித்தபடி கூடவே நின்றாள். கேட்டுக்கு வெளியே லியாகத் ஆட்டோவை ஆஃப் செய்துவிட்டுக் காத்திருந்தான்.