தனசேகரின் முதற்பலன்

நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஐயாயிரம் முட்டைக்கோழிகளை வளர்த்துவந்த தனசேகருக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை கோழிகளைத் தவிர வேறெவருடைய நலத்துக்கும் அவன் பொறுப்பேற்றதில்லை. இப்போது ஏற்க விரும்பினான். அதை நேரில் சொல்லும் துணிவு இல்லாததால், இராசிபுரத்துச் சபையின் போதகர் வழியாகத் தன் மண விருப்பத்தைச் சொல்லியனுப்பினான். சபை நடத்திய மாணவியர் விடுதியில் சமையலைக் கவனித்துவந்த சாரதாமணி, கணவரை லாரி விபத்தில் இழந்து எட்டாண்டுகள் ஆனவள், கேட்டுவிட்டு ஒரே வரியில் பதில் சொன்னாள்: "ஆளு எப்படின்னு கொஞ்ச நாள் பாத்துட்டுச் சொல்றனுங்க ஐயா."

தான் கவனிக்கப்படுவதை அறிந்த மனிதன் இயல்பாக நடந்துகொள்வது அரிது. அடுத்த ஞாயிறே தனசேகர் ஆராதனையில் எழுந்து நின்று, கொட்டகையில் புதிதாக விட்ட கோழிகள் இடும் முதல் முட்டைகள் கர்த்தருக்கே, அவை விடுதிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று பொருத்தனை செய்தான். சபையார் 'அல்லேலூயா' என்றனர். சாரதாமணி திரும்பிப் பார்த்தாள். அவள் உதட்டோரம் நெளிந்த சிரிப்பின் காரணம்தான் அவனுக்கு விளங்கவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை அது விளங்கியது. இளங்கோழியின் முதல் முட்டை சிறிய எலுமிச்சை அளவே இருக்கும். சந்தை அதைச் சீந்தாது. கோழி வளர்ப்பவர் எவரும் அறிந்த செய்திதான். பக்தியின் வேகத்தில் தனசேகருக்கு அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதே பொருத்தனையைத்தான் செய்திருப்போமோ என்ற ஐயத்தை அவனே பின்னாளில் ஒப்புக்கொண்டான்.

முப்பது முப்பதாக முட்டை அடுக்கிய இருபது அட்டைகளைத் தன் சிறு சரக்கு வண்டியிலிருந்து விடுதி வாசலில் பெருமிதத்தோடு இறக்கினான். சாரதாமணி ஒரு முட்டையை இரண்டு விரல்களால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏனுங்க, இது கோழி போட்டதுங்களா, குருவி போட்டதுங்களா?"

"கோழிதானுங்க. மொதப் பலன்னா மொதல்ல வாரது தானுங்களே?"

"அதுஞ் செரி. கர்த்தருக்கு மொதல்ல வாரது, சந்தைக்கு நல்லா வாரது."

சன்னலருகே நின்ற பிள்ளைகள் சத்தமாகவே சிரித்தார்கள். தனசேகரின் காதுமடல் சுட்டது.

"அடுத்த சனிக்கெழமையும் கொண்டாரனுங்க."

"அதுக்கடுத்த சனிக்கெழமை?"

"அதுக்கும்தானுங்க. வாரம் தவறாம எட்டு அட்டை, சந்தைக்குப் போற முட்டையாவே கொண்டாரேன்."

"இதுக்கு யாரும் அல்லேலூயா சொல்ல மாட்டாங்க. பரவால்லீங்களா?"

பரவாயில்லை என்று தலையாட்டினான். வாரந்தோறும் வந்தான், மழையில் வந்தான், காய்ச்சலோடு வந்தான். முட்டைகள் பருத்தன. தொடக்கத்தில் சாரதாமணியைப் பார்க்க வந்தவன், போகப்போக எந்தப் பிள்ளைக்கு மஞ்சள்கரு பிடிக்காது, யார் பக்கத்துத் தட்டிலும் கைவைப்பாள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டான். சௌமியா என்ற நோஞ்சான் சிறுமியின் கன்னம் சற்றே தேறியிருப்பதை முதலில் கண்டு சொன்னவன் அவன்தான்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்காக முட்டை விலை ஏறியது. வியாபாரிகள் கொட்டகை வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். பண்ணையைக் கவனித்துவந்த அங்கமுத்து யோசனை சொன்னார்: "சாமி, அடி அட்டை ரெண்டுல கீறல் முட்டைய வெச்சிரலாம். புள்ளைங்க அவிச்சுத்தான திங்கப் போவுது? எவன் பாக்கறான்?"

தனசேகர் சரி என்று சொல்லவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று முட்டைகளைச் சாரதாமணி வழக்கம்போல் வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஆராதனையில் தனசேகர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். சொல்லாதிருந்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், இத்தனை மாதம் வந்துபோனதெல்லாம் வீணாகி, அவளும் இல்லையென்று ஆகிவிடும். இவ்வளவு தெளிவாக எண்ணிப் பார்த்த பிறகும் மதியச் சோற்றைப் பாதியில் நிறுத்தினான். சௌமியாவின் தட்டில் விழுந்திருப்பது கீறல் முட்டையாக இருக்குமோ என்ற நினைப்பு அவனை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை வண்டியின் பின்கதவைத் திறக்காமலே நேராகச் சமையலறை வாசலுக்குப் போனான்.

"ஒரு பேச்சுங்க. போன வாரம் அடி அட்டை ரெண்டும் கீறல் முட்டை. அங்கமுத்து வெச்சுட்டாருங்க... இல்லீங்க. அவரு கேட்டாரு, நான்தான் வாய மூடிட்டு நின்னேன்."

சாரதாமணி கரண்டியைக் கழுவியபடியே சொன்னாள்: "தெரியுமுங்க. வண்டியிலிருந்து எறக்கி அடுக்கறப்ப அடி அட்டைதானுங்க மேல வரும்? ஞாயித்துக்கெழமை காலைல அடுப்புல வெச்சேன், வெள்ளையெல்லாம் தண்ணியில நுரையா மெதந்துச்சு. வீணாக்க வேண்டாம்னு மிச்சத்தை ஒடச்சு ஊத்திப் பொடிமாஸ் பண்ணிட்டேன். புள்ளைங்க இன்னமும் அதையே கேக்குதுங்க."

கோழி வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இந்த அடுக்குமுறை தோன்றாமற் போயிருந்தது.

"அப்பறம் ஏனுங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேட்டு நீங்க சொன்னா, மாட்டிக்கிட்டதால சொன்னதாயிரும். கேக்காமச் சொல்றீங்களான்னு ஆறு நாளா வாசலைப் பாத்துட்டு இருந்தேன். சபையிலயே சொல்லுவீங்கன்னு நெனச்சா, தூணக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. லேட்டுத்தானுங்க."

தனசேகர் தரையைப் பார்த்தான். "அப்ப போதகர்கிட்ட முடியாதுன்னு சொல்லிருவீங்களா?"

"போதகரை எதுக்குங்க நடுவுல இழுக்கறீங்க? ஓமலூர்ல எங்கம்மா இருக்குது. காது கொஞ்சம் மந்தம். அங்க போயி நீங்களே சத்தமாக் கேளுங்க. தெருவுக்கே கேக்கோணும்."

"அப்ப... நீங்க செரீன்னு சொல்றீங்களா?"

"நான் ஊட்டுக்கு வழி சொன்னனுங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கரண்டி மட்டும் இரண்டாம் முறையாகக் கழுவப்பட்டது.

தனசேகர் வண்டிக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சாவியைத் திருகி, விடுதிக் கதவைத் தாண்டி, சேலம் சாலையை நோக்கி வண்டியைத் திருப்பிவிட்டான். பின்னால் சாரதாமணி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள்.

"ஏனுங்க! முட்டைய எறக்கி வெச்சுட்டுப் போங்க! பொண்ணு கேக்கப் போற அவசரத்துல புள்ளைங்க சோத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போறாரு பாரு இந்த மனுசன்!"