வடக்குக் கொத்தளத்துக் காவல்

ராணுவம் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போன அன்று வடக்குக் கொத்தளத்தில் நின்ற காவலாளியை மாற்றிவிட யாரும் வரவில்லை. அதனால் அவர் அங்கேயே வேர்விட்டார். கட்டில், அண்டா, கொடிக்கம்பம்வரை ஒன்றுவிடாமல் வண்டியில் ஏற்றிய புண்ணியவான்கள் ஆளை மறந்துபோனார்கள். அடுத்தவர் வந்து, "காவலை ஏத்துக்கிட்டேன்" என்று வாய்திறந்து சொல்லும்வரை இடத்தைவிட்டு அசையக்கூடாது என்பது விதி. அவரும் அசையவில்லை. முதல் மழைக்கே வேர் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு கல்லிடுக்கில் இறங்கியது. மறுவருடம் தோளில் இலை விட்டது. கோட்டை வனத்துறையின் கைக்கு வந்து சரணாலயமானபோது, மற்ற மரங்களுக்கு அடித்ததுபோல் அவருடைய இடுப்புப் பட்டையிலும் ஒரு எண் தகட்டைத் தொங்கவிட்டார்கள்.

அவருடைய மனைவிதான் பாவம். தினமும் தூக்குச்சட்டியோடு அத்தனை படியும் ஏறி, அவருக்கு ஊட்டிவிட்டு, சட்டைப்பையில் கூடு கட்டியிருந்த சிட்டுகளுக்கும் கொஞ்சம் போட்டுவிட்டு இறங்குவாள். மகள் படித்து முடித்தாள், கல்யாணமாகிப் போனாள். எல்லாவற்றுக்கும் இவள் ஒருத்தியே அலைந்தாள். புருஷனை வீட்டுக்குக் கூட்டிவர அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "கோட்டையே இப்ப எங்களது இல்லைம்மா" என்றார்கள் ராணுவத்தில். "சரணாலயத்துலேருந்து ஒரு காஞ்ச சருகைக்கூட வெளிய கொண்டுபோக முடியாதும்மா" என்றார் வனத்துறை அதிகாரி. அவளுக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் பாதிப் படியிலேயே முழங்கால் விட்டுப்போயிற்று. எப்படியோ மேலே வந்து சட்டியை இறக்கிவைத்து, "இனி என்னால முடியாதுங்க" என்றாள்.

"எனக்கு மட்டும் என்ன? தூக்கம் கண்ணைச் சொக்குது."

"அப்ப போய்த் தூங்குங்க. காவலை நான் ஏத்துக்கிட்டேன்."

இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. ஈரக் காலுறையைக் கழற்றுவதுபோல் வேர்களிலிருந்து காலை உருவிக்கொண்டு, துப்பாக்கியையும் தகட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் படியிறங்கிப் போனார். சிட்டுகள் அவள் கொண்டைக்குக் குடிமாறின.

மறுநாள் சாயங்காலம் அவர் தூக்குச்சட்டியோடு மூச்சிரைக்க வந்தார். ஊட்டிவிட்டார். உப்பு கரித்தது. "வீடு போட்டது போட்டபடி கிடக்கு. நீ கிளம்பு, காவலை நான்..." என்று தொடங்கியவரை அவள் கையமர்த்தினாள். கல்யாணமான நாள்முதல் அவள் இப்படி ஓரிடத்தில் நின்றதே இல்லை. நல்ல காற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. கால் வலிக்கவேயில்லை.

"இருக்கட்டுங்க. நாளைக்கு உப்பைக் குறைச்சுப் போடுங்க" என்றாள்.

அவர் சிட்டுகளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு இறங்கினார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வேர் இறங்கத் தோதாகக் காலைச் சற்று அகட்டி நின்றாள்.